படிக்காமல் விட்ட வரி

எனக்குக் கன்னடம் நன்றாக எழுத வரும் என்பதில் கொஞ்சம் கர்வம் உண்டு. காக்ஸ் டவுனிலேயே பிறந்து, வீட்டில் தமிழ் பேசி வளர்ந்து, பக்கத்துப் பள்ளியில் முப்பது வருடம் கன்னடம் சொல்லிக்கொடுத்தவள் நான். தமிழ்க்காரி கன்னட டீச்சரா என்று முதல் வருடம் சிரித்தவர்களே பிறகு தங்கள் பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்தித் தரச்சொல்லி என் வாசலில் வந்து நின்றார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நடந்ததற்கு அந்தக் கர்வம்தான் காரணம். பழியை வேறு யார் தலையிலாவது போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

நான் ஓய்வு பெற்ற அடுத்த வருடம் நகர நிர்வாகம் உள்ளூர்ப் பண்பாட்டுக்கும் சுற்றுலாவுக்கும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அரண்மனையையும் பூங்காவையுமே எத்தனை நாள் காட்டுவது? ஒவ்வொரு வட்டாரத்திலும் பார்க்கத் தகுந்த பத்து இடங்களைக் கண்டுபிடியுங்கள், கையேடு போடுங்கள், சனி ஞாயிறுகளில் ஜனங்கள் நடந்து பார்க்கட்டும் என்று மேலிடத்து உத்தரவு. எங்கள் வட்டார ஆபீசில் ஒரு சர்ச், ஒரு அம்மன் கோயில், ஒரு தர்கா, ஒரு பேக்கரி என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்து ஏழோடு நின்றுவிட்டார்கள். நல்ல கன்னடத்தில் எழுதித் தர ஆள் வேண்டும், மிச்ச இடங்களையும் நீங்களே சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். எட்டாவது இடமாக நான் ஜோகுபாளையத்து மன்றத்தைச் சொன்னேன்.

மன்றம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு சந்தின் கடைசியில், அந்தச் சந்துக்காரர்களே எப்போதோ கட்டிய ஒற்றை அறை, சிமென்ட் ஷீட் கூரை, நடுவில் கேரம் போர்டு. சாயங்காலம் பெயின்டர்களும் ஆட்டோ ஓட்டுகிறவர்களும் வந்து ஆடுவார்கள். ஞாயிறு மத்தியானம் நாடக ஒத்திகை நடக்கும். நவம்பரில் மாநிலம் உருவான நாளான ராஜ்யோத்சவத்துக்குச் சிவப்பு மஞ்சள் கொடி ஏற்றிக் கன்னட நாடகம், ஜனவரியில் பொங்கலுக்குத் தமிழ் நாடகம். கன்னட நாடகத்துக்குத்தான் எப்போதும் பெரிய பந்தல், பெரிய மைக் செட். ஆற்றுத் தண்ணீர்த் தகராறு வந்த வருடங்களில் கற்றுக்கொண்ட முறை அது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

மன்றத்தின் சாவி ஓர் எலக்ட்ரீஷியனிடம் இருந்தது. ஐம்பது வயதிருக்கும். மன்றத்தின் பின்சுவரை ஒட்டிக் கட்டிய அறையில் மனைவியோடும் மகளோடும் குடியிருந்தார். கூட்டிப் பெருக்கி, பல்பு மாற்றி, சாவியைப் பார்த்துக்கொண்டால் போதும், வாடகை கிடையாது. மனைவிக்கு முழங்கால் போய்விட்டது, மாடிப்படி ஏற முடியாது. மகள் பி.யூ. இரண்டாம் வருடம், அதாவது பிளஸ் டூ, படித்துக்கொண்டிருந்தாள், மார்ச்சில் பரீட்சை. அந்த அறை இல்லையென்றால் அவர்களுக்கு இந்த ஊரில் வேறு இடமில்லை. இதெல்லாம் எனக்கு முதல் நாளே தெரியும், அவரே சொன்னார்.

நான் போன அன்று நல்ல மழை. டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். குடித்துக்கொண்டே குறிப்பெடுத்தபோது தரைக்கடியிலிருந்து ஏதோ சலசலவென்று கேட்டது. என்ன சத்தம் என்று கேட்டேன்.

"அது பழைய ராஜகாலுவே டீச்சர். மழைத் தண்ணி ஏரிக்குப் போற பெரிய வாய்க்கா. எங்கப்பா காலத்துலயே மேல கல்லு போட்டு மூடிட்டாங்க."

"அட, இது நல்லா இருக்கே. இத எழுதலாமே."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அதெல்லாம் எதுக்கு டீச்சர். கேரம் பத்தி எழுதுங்க. நாடகம் பத்தி எழுதுங்க."

நான் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். முப்பது வருடம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே பொய் கண்டுபிடித்தவளுக்கு, ஒரு மனிதன் பயந்து சொல்வது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து முதலில் எழுதியதே அந்த வரிதான். மழைக்காலத்தில் இந்த மன்றத்தின் தரையில் காதை வைத்தால், அடியில் ஓடும் பழைய ராஜகாலுவேயின் பாட்டைக் கேட்கலாம். கன்னடத்தில் அது இன்னும் நன்றாக இருந்தது. நாலு தடவை படித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

கையேட்டு வெளியீட்டு விழாவில் எனக்குச் சால்வை போர்த்தி, மைசூர்ப் பேட்டா என்கிற தலைப்பாகை சூட்டி, பழக்கூடை கொடுத்தார்கள். மேடையில் அந்த ஒரு வரியைத்தான் எடுத்து வாசித்தார்கள். எலக்ட்ரீஷியன் கடைசி வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். எல்லாரும் கைதட்டினபோது அவரும் தட்டினார்.

கொஞ்ச நாள் கூட்டம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் வந்து பெயின்டர்களோடு கேரம் ஆடித் தோற்றார்கள். ஜீன்ஸ் போட்ட ஒரு பெண் நிஜமாகவே தரையில் படுத்துக் காதை வைத்தாள், அவளுடைய சிநேகிதி படம் பிடித்தாள். எலக்ட்ரீஷியனின் மனைவி கதவிடுக்கில் நின்று சிரித்தார். சந்து முனையில் அந்த வரியோடு பழுப்பு நிறப் பலகை ஒன்று நட்டார்கள். எழுதியவர் என்று அதன் அடியில் என் பெயரும் இருந்தது. அந்தப் பக்கம் வேலையே இல்லாவிட்டாலும் சுற்றிக்கொண்டு போய் அதைப் பார்த்துவிட்டு வருவேன்.

அந்த வருடம் மழை ஊரையே மிதக்கவிட்டது. வாய்க்கால்களை மூடிக் கட்டியதுதான் காரணம் என்று டி.வி.யில் திட்டித் தீர்த்தார்கள். அதில் தப்பில்லை, என் வீட்டு ஹாலிலும் முழங்கால் தண்ணீர் நின்றது. ஆபீசில் உடனே கால்வாய்களை அளக்கக் கிளம்பினார்கள். மேற்பக்கம் அதே கால்வாயின் மேல்தான் ஓர் அபார்ட்மென்டின் கார் நிறுத்துமிடம் இருக்கிறது என்று சந்தில் எல்லாரும் சொல்வார்கள். அங்கே அளந்துவிட்டு, தெளிவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். கார் நிறுத்துமிடத்தைப் பற்றி யாரும் அழகாக எழுதி வைக்கவில்லை.

ஜனவரிக் கடைசியில் ஒரு காலை எலக்ட்ரீஷியன் என் வீட்டுக்கு வந்தார். மன்றத்துக் கதவில் ஒட்டியிருந்த நோட்டீசைக் கிழியாமல் உரித்துக்கொண்டு வந்திருந்தார். கன்னடம் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. அவர் வயதுத் தமிழ்க்காரர்கள் நிறையப் பேர் அப்படித்தான்.

"என்ன போட்ருக்கான்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க டீச்சர்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்து, தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கட்டடம் ராஜகாலுவேயின் மேல் இருக்கிறது. பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும். பழைய வரைபடத்தில் கால்வாயின் கோடு சந்து முனையோடு நின்றுவிடுகிறது. இதற்கு அடுத்த வரியை மனசுக்குள் மட்டும் படித்தேன். கால்வாய் இந்தக் கட்டடத்துக்கு அடியில்தான் ஓடுகிறது என்பது இந்த அலுவலகமே வெளியிட்ட சுற்றுலாக் கையேட்டின் எட்டாம் குறிப்பால் உறுதியாகிறது. அதன் கீழே மேற்கோள் குறிக்குள், ஒரு எழுத்துப் பிசகாமல், என் வரி.

நான் அதை விட்டுவிட்டேன். அடுத்த பத்திக்குத் தாவி, ஆட்சேபம் இருந்தால் எழுத்தில் தரலாமாம் என்றேன். குரல் மாறியிருக்கும். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதானா டீச்சர்?"

"அவ்வளவுதாங்க."

"வேற ஒண்ணும் போடலயா?"

"இல்லைங்க."

நோட்டீசை என் கையிலிருந்து வாங்கி மடித்துக்கொண்டார். பிறகு, "நீங்களே ஒரு மனு எழுதிக் குடுங்க" என்றார்.

எழுதினேன். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். ஏழைகளின் பொழுதுபோக்கு, இரண்டு மொழிகளின் ஒற்றுமை, ராஜ்யோத்சவக் கொடி என்று ஒன்றையும் விடவில்லை. எழுத வேண்டிய ஒரே விஷயத்தை மட்டும் எழுதவில்லை. கையேட்டில் உள்ளது கேள்விப்பட்ட செய்தி, நான் கண்ணால் பார்த்ததில்லை, அதை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம் என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் போதும். அது பொய்கூட இல்லை, நான் கண்ணால் பார்க்கவில்லைதான். அப்புறம் அவர்கள் தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கும். தோண்ட உத்தரவு, டெண்டர் என்று மழைக்காலமே வந்துவிடும். கட்டடம் என்றைக்காவது போயிருக்கும், ஆனால் அந்தப் பெண் பரீட்சை எழுதி முடித்திருப்பாள். சத்தத்தைக் கேட்டுவிட்டு, தெரியாது என்று எப்படி எழுதுவது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். சால்வை போர்த்திக்கொண்ட எழுத்தை நானே மறுத்து எழுதிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அதுதான் மீதிப் பாதி.

மனுவை வாங்கிக்கொண்ட அதிகாரி, நல்ல கன்னடம் மேடம் என்றார்.

பிப்ரவரி நடுவில் ஜே.சி.பி. வந்தது. நான் போனபோது கூரையை இறக்கியிருந்தார்கள். சந்துக்காரர்கள் வேடிக்கை பார்த்தபடி நின்றார்கள், யாரும் கத்தவில்லை. எலக்ட்ரீஷியனின் மனைவியை ஓர் ஆட்டோவில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். மகள் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் இருந்தாள். கட்டிலும் கேஸ் அடுப்பும் பாத்திர மூட்டையும் ஒரு டெம்போவில் ஏறியிருந்தன. ஊருக்கு வெளியே ஹோஸ்கோட்டேயைத் தாண்டி எங்கேயோ ஒரு தகர வீடு கிடைத்திருந்தது. காலேஜுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

எலக்ட்ரீஷியன் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அருகில் போய், மனு பலிக்கவில்லையே என்று ஏதோ சொன்னேன். நான் சொன்னதிலேயே கேவலமானது அந்த வாக்கியம்தான் என்று நினைக்கிறேன்.

அவர் முடிச்சை இறுக்கிவிட்டுத் திரும்பினார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"நோட்டீஸ் ஒட்டின அன்னிக்கே என் பொண்ணு படிச்சுச் சொல்லிட்டா டீச்சர். உங்க வரியும் சேத்துத்தான்."

அவர் கயிற்றின் மிச்சத்தைச் சுருட்டினார்.

"நீங்க குடுக்கிற லெட்டர் ஒண்ணு இருந்தா பரீட்ச வரைக்கும் தள்ளிப் போடலாம்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு. நானா கேக்கறதுக்கு நாக்கு எழல. பெரியவங்க, மேடையில மரியாத பண்ணினது. நீங்களே அந்த வரியப் படிச்சீங்கன்னா நீங்களே சொல்லுவீங்கன்னுதான் தூக்கிட்டு வந்தேன்."

டெம்போக்காரர் ஹாரன் அடித்தார். இவர் கையைத் தட்டித் தூசியை உதறினார்.

"நீங்க அதத் தாண்டிப் படிச்சீங்க பாருங்க, அன்னிக்கு மத்தியானமே வீடு தேடக் கிளம்பிட்டேன்."