ஈர்க்கில் அளந்த கால்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் பிள்ளைகளின் கால் அளவை எடுக்க ஒரு விளக்குமாற்று ஈர்க்கு போதும். குதிகாலைச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்து, பெருவிரல் முடியும் இடத்தில் ஈர்க்கை நறுக்கிவிடுவார்கள். தானா ராத்தா டவுனுக்குப் போகிற யாரிடமாவது அதைக் கொடுத்தனுப்பினால் பள்ளிக்கூடச் சப்பாத்து வந்துவிடும். தேயிலைக் காட்டு வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போக எந்த அம்மாவுக்கு நேரம் இருந்தது? ஈர்க்கின் நீளத்துக்கு மேல் ஒரு விரற்கடை கூட்டியே வாங்குவார்கள். முனையில் பேப்பரைத் திணித்துப் போட்டுக்கொண்டுதான் நாங்களெல்லாம் வளர்ந்தோம். எத்தனையோ ஈர்க்குகள் அப்படிப் போய் வந்தன. என் தங்கைக்காக அம்மா நறுக்கி என் கையில் கொடுத்த அந்த ஒன்றைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

தங்கைக்கு அப்போது பதின்மூன்று வயது. தோட்டத்துத் திடலில் வெறுங்காலோடு பையன்களுக்கு நடுவே கால்பந்தைக் கொண்டுபோவாள். பெரிய பையன்கள்கூட அவளைத் தடுக்க முடியாமல் சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். விளையாட்டு வாத்தியார் ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார். விளையாட்டுப் பள்ளிக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள், எடுபட்டால் தங்கிப் படிக்கலாம், படிப்பு முடியும்வரை கவலை இல்லை என்றார். "பூட்ஸ் இல்லாம திடல்ல விடமாட்டாங்கம்மா. ஸ்கூல் சப்பாத்து மாதிரி லூசா வாங்கிடாதீங்க, கால கவ்வி நிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று ஞாயிற்றுக்கிழமை. அம்மா அப்போதே அவளைச் சுவரோரம் நிறுத்தி அளவெடுத்தாள். தன் மகள் கத்தரி பிடித்துத் தேயிலை வெட்டப் போகக் கூடாது என்பது ஒன்றுதான் அம்மாவின் ஆசை. அதற்கு வேறு வழி எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நான் தோட்டத்து லோரியில் புறப்பட்டேன். மறுநாள் காலை விளையாட்டுப் பள்ளித் தேர்வு என்பதால் தங்கையை அன்று பயிற்சிக்கு வரச்சொல்லியிருந்தார்கள், அவளால் என்னோடு வர முடியவில்லை. நான் பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் படிக்கிறவன், வீட்டிலேயே விவரமானவன் என்று பெயர். அந்த விவரமானவன் ஈர்க்கைக் கால்சட்டையின் பின்பையில் செருகிக்கொண்டு, அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறான். டவுனில் இறங்கிப் பையைத் தடவினேன். இரண்டு துண்டுகள்தான் கையில் வந்தன. நடுத்துண்டைக் காணோம். திரும்பிப் பார்ப்பதற்குள் லோரி போய்விட்டது. சப்பாத்துக் கடைத் தவுக்கே, சீன முதலாளி, நல்ல மனிதர். "புள்ள எங்க? கூட்டிட்டு வா லா. பூட்ஸ் போட்டு நிக்க வச்சு பாக்கணும்" என்றார். அவரிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "அளவு தெரியும், தவுக்கே" என்றேன். என் கை பழக்கத்தில் பெரிய ஜோடிக்குத்தான் முதலில் போனது. வாத்தியார் சொன்னது ஞாபகம் வந்து, அதை வைத்துவிட்டுச் சின்னதை எடுத்தேன். பெரியதை எடுத்திருந்தால் பேப்பரைத் திணித்தாவது ஓடியிருப்பாள்.

வீட்டில் அதைப் போட்டதும் "சரியா இருக்குண்ணே" என்று குதித்தாள். நானும் அதை நம்ப ஆசைப்பட்டேன். வாசலில் நான்கு முறை நடந்ததும் முகம் மாறிவிட்டது. அம்மா குனிந்து முனையை அழுத்திப் பார்த்தாள். பெருவிரல் மடங்கிக் கிடந்தது. "ஈர்க்குல சரியாத்தானடா அளந்தேன்" என்று என்னைப் பார்த்தாள். நான் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன். அம்மாவே ஒரு பதிலையும் கண்டுபிடித்துக்கொண்டாள். "வளர்ற புள்ள. ஒரு வாரத்துல காலு வளந்துடுச்சு போல." நான் அதைப் பிடித்துக்கொண்டேன். "ஆமாம்மா, அப்படித்தான் இருக்கும்" என்றேன். டவுனுக்குப் போகும் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடை திறக்காது. விரியட்டும் என்று ஈரப் பேப்பரைச் சுருட்டி உள்ளே அடைத்தோம். அப்பா உலக்கை நுனியை விட்டு இடித்து இடித்துப் பார்த்தார். அம்மா உள்ளே தேங்காய் எண்ணெயைத் தடவினாள். அந்தப் பூட்ஸ் எங்களுக்காக இம்மியளவும் இளகவில்லை.

மறுநாள் தேர்வுத் திடலில் முதல் பத்து நிமிடம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினாள். பிறகு நொண்ட ஆரம்பித்தாள். பந்து காலுக்கு வந்தபோதெல்லாம் வேறு யாருக்காவது தள்ளிவிட்டாள். இடைவேளைக்குப் பிறகு பார்த்தால், பூட்ஸைக் கழற்றிக் கோட்டுக்கு வெளியே வீசிவிட்டு வெறுங்காலோடு ஓடுகிறாள். இரண்டு பேரைத் தாண்டிவிட்டாள். அதுதான் என் தங்கை, அதுதான் அவளுடைய ஆட்டம். நடுவர் விசில் ஊதி அவளை வெளியே அனுப்பினார். "போட்டுட்டு வா, இல்லன்னா ஆட முடியாது" என்றார். அவள் அழுதுகொண்டே கால்களை மறுபடியும் உள்ளே திணித்தாள். காலுறையில் ரத்தம் தெரிந்தது. அதற்குப் பிறகு அவளால் நடக்கத்தான் முடிந்தது. எடுபட்டவர்களின் பெயர்களை வாசித்தார்கள், அவள் பெயர் இல்லை. திரும்பும் வழியில் பஸ்ஸில் அவள் எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். குனிந்து தன் காலையே கையால் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டு வந்தாள். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

'ஒரே வாரத்தில் கால் வளர்ந்தவள்' என்று தோட்டத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் வந்தது. கூப்பிட்டவர்களோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன், பாவி. அவள் அதன் பிறகு பந்தைத் தொடவில்லை. மூன்றாம் படிவத்தோடு படிப்பையும் நிறுத்திக்கொண்டாள். இப்போது பக்கத்து ஊரான திரிங்காப்பில் பூத்தோட்டத்தில் காலை ஆறு மணியிலிருந்து பூக்கட்டுகளை அடுக்குகிறாள். தேயிலை வெட்டப் போகவில்லை என்று அம்மா சாகும்வரை ஆறுதல் சொல்லிக்கொண்டாள். நான் அரசாங்க வேலையில் சேர்ந்து, டவுனில் வீடு வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு தீபாவளிக்கும் அவளுக்குப் புடவை எடுத்துக் கொடுக்கிறேன்.

போன மாதம் என் மகளுக்குப் பூட்ஸ் வாங்கப் போனோம். தங்கையும் வந்திருந்தாள். மகளை நிற்கவைத்து, தரையில் மண்டியிட்டு, பூட்ஸ் முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். "போதும் அத்தை, நல்லாருக்கு" என்று மகள் அவசரப்பட்டாள். "சும்மா இருடி. வளர்ற கால நம்பக் கூடாது. ஒரே வாரத்துல வளந்து என்னைய கவுத்துச்சு பாரு" என்று தங்கை சிரித்தாள்.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. தங்கை பக்கம் குனிந்தேன். "பாப்பா, உன் காலு வளரல. அம்மா குடுத்த ஈர்க்கு லோரியில ஒடஞ்சிடுச்சு. நான்தான் குத்துமதிப்பா ஒன்ன எடுத்துட்டு வந்தேன்" என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. மகளின் காலிலிருந்து கையை எடுத்தாள். தரையில் மடங்கிக் கிடந்த தன் பாதத்தைப் பார்த்தாள். பிறகு அதைத் தடவிக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

"அப்ப என் காலு ஒரு தப்பும் பண்ணலையாண்ணே?"