ஆறு வருஷத் தலைவலி

அன்றைக்கும் சாவிக்காரர் காப்பீட்டு அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலுக்குள் பாதித் தலையை நுழைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கையில் ஒரு கட்டு மருந்துச் சீட்டு. அது அவருடைய ஐந்தாவது நடை.

மருத்துவமனைக்கு எதிரே, ஆள் நின்றால் மூச்சு முட்டும் கடை ஒன்றில் சாவி வெட்டுகிறவர். எப்பேர்ப்பட்ட பூட்டும் அவர் கையில் மூன்று நிமிஷம் தாங்காது. இந்த ஜன்னல்தான் மூன்று மாதமாக மசியவில்லை.

அவருடைய வீட்டுக்காரம்மாவுக்கு ஆறு வருஷமாக மனநோய். மாத்திரை ஒழுங்காகப் போனால், சீருடை தைக்கும் கம்பெனியில் அந்த அம்மாவுக்கு ஈடு கிடையாது. தவறினால் மூன்று நாள் தூங்காமல், வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் தெருவில் போகிறவர்களுக்கு வாரிக் கொடுத்துவிடுவார். விலை ஏற ஏற, புருஷனுக்குத் தெரியாமல் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தார். அது தெரிந்த நாளிலிருந்துதான் சாவிக்காரருக்கு இந்த அலைச்சல். இந்த ஜன்னல் வழியாக அரசு மானியம் கிடைத்தால் மாத்திரை கால் விலைக்கு வரும், டாக்டர் செலவுக்குக் காப்பீட்டுப் பணமும் கேட்கலாம். கிடைக்காவிட்டால் மறுபடியும் பாதிதான்.

"ரெண்டு வருஷமாவது மனநல சிகிச்சை எடுத்ததுக்கு ஆதாரம் வேணும்ணே" என்றார் ஜன்னலில் இருந்த அம்மா.

"ஆறு வருஷச் சீட்டு இருக்கேம்மா! கண்ணு தெரியலையா?"

"எல்லாத்துலயும் தலைவலின்னுல்ல போட்டிருக்கு?"

"தலைவலிக்கு எவனாவது இந்த மாத்திரைய குடுப்பானா?"

"எனக்குப் புரியுது. கம்ப்யூட்டருக்குப் புரியலையே. டாக்டர்கிட்ட உண்மையான விவரத்த வாங்கிட்டு வாங்க."

சாவிக்காரர் ஜன்னலிலிருந்து தலையை வெளியே எடுத்துக்கொண்டார். தலைவலி என்று எழுதச் சொன்னதே அவர்தான். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். சீட்டு யார் கண்ணிலாவது பட்டுத் தொலைந்தால் என்ன செய்வது என்று, டாக்டரின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியிருந்தார். மகளுக்குக் கல்யாணமாகி, பேத்தியும் நடக்க ஆரம்பித்துவிட்டாள். அந்தத் தலைவலியை மாற்றி எழுத மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

டாக்டர் தன் கோப்பில் நிஜத்தைத்தான் குறித்துவைத்திருந்தார். ஆனால் அதன் நகல் வேண்டுமென்றால் நோயாளியே கையெழுத்துப் போட்டுக் கேட்க வேண்டுமாம். ஆக, வீட்டில் உண்மையைச் சொல்லியே தீர வேண்டும். ரெண்டு நாள் மென்று விழுங்கி, மூன்றாம் நாள் சொன்னார்.

வீட்டுக்காரம்மா ஊசியைக் கீழே வைத்தார். "ஆறு வருஷமா எனக்குத் தலைவலியா? நல்லா கேளுய்யா. எனக்கு இருக்கிற ஒரே தலைவலி நீதான்."

"புள்ளையோட கல்யாணத்துக்காகத்தான்..."

"அது முடிஞ்சு எத்தன வருஷமாச்சு? வெக்கப்பட்டது நீ, மாத்திரைய உடைச்சது நானா? எங்க போடணும் கையெழுத்து?"

மறுநாள் வீட்டுக்காரம்மாவே நகலை வாங்கிக்கொண்டு நேரே ஜன்னலுக்கே வந்துவிட்டார். பின்னால் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். சாவிக்காரர் யார் யார் தெரிந்த முகம் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மனநோய்ங்க. மாத்திரை போட்டா நல்லா இருக்கேன். எழுதிக்குங்க."

"மெதுவா சொல்லுங்கக்கா" என்றார் ஜன்னல் அம்மா.

"ஆறு வருஷமா இவரு மெதுவாத்தான் சொன்னாரு. அதனாலதான் இங்க வந்து நிக்கிறோம்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். யாரோ ஒருத்தி முன்னால் வந்து, "அந்த ஃபாரம் எங்கக்கா கிடைக்கும்? எங்க அண்ணனுக்கு வேணும்" என்று கேட்டாள். சாவிக்காரர்தான் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினார்.

ஏழு வாரம் கழித்து மானியம் வந்தது. டாக்டர் செலவுக்கான காப்பீடுதான் இன்னும் இழுத்தடிக்கிறது. மருத்துவமனையில் படுத்தால்தான் பணமாம், நடந்து போய் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால் கிடையாதாம். அதை எதிர்த்து ரெண்டு பேரும் மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். வீட்டுக்காரம்மா இப்போது முழு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறார்.