கழுத்து ஆடிய சைக்கிள்

மாடியில் குடியிருக்கும் கார்த்திக் போன வாரம் ஒரு பழைய ரேஸ் சைக்கிளைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். ஆட்டுக்கொம்பு மாதிரிக் கீழே வளைந்த ஹேண்டில்பார். என்னைவிடக் கொஞ்சம்தான் இளையதாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு வேதாரண்யம் வரைக்கும் ஓட்டப் போகிறானாம்.

"பாலம் ஏறி இழுக்கும்போது ஹேண்டில்பார் லேசா வளைஞ்சு குடுக்குது அங்கிள். பழசு இல்லையா, அப்படித்தான் இருக்கும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருகினேன். பிறகு ஒரு கொம்பை மட்டும் கீழே அழுத்தினேன், பிறகு மற்றதை. எழுபத்தெட்டு வயது ஆள் வாசலில் சைக்கிளோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து என் மனைவி, "தெருவுல போறவங்க பாக்கப் போறாங்க" என்று உள்ளேயிருந்து கவலைப்பட்டாள்.

ஹேண்டில்பார் வளையவில்லை. அதைத் தாங்கி, முன்சக்கரத்தைக் கவ்வும் ஃபோர்க்கின் குழாய்க்குள் இறங்கும் தண்டுதான் அசைந்தது. ஸ்டெம் என்கிறார்கள். அதற்கு மேல் தூக்கக் கூடாது என்று தண்டில் ஒரு கோடு வெட்டியிருப்பார்கள். அந்தக் கோடு குழாய்க்குள் மறைந்திருக்க வேண்டும். இதில் வெளியே தெரிந்தது, இரண்டு விரற்கடை உயரத்தில்.

"குனிஞ்சா முதுகு வலிக்குது அங்கிள். அதான் தூக்கி வச்சேன்."

தண்டை உருவி, அதன் நீள ஆணியை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். புதுத் தண்டு வரும்வரை தர முடியாது என்றேன். அவன் முகம் சுருங்கிப்போனது. வீட்டுக்காரக் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நண்பர்களிடம் சொல்லியிருப்பான். சொல்லட்டும்.

கையை மூன்று முறை சோப்பு போட்டுக் கழுவினேன். பழைய கிரீஸும் துருவும் அலுமினியமும் சேர்ந்த அந்த வாடை போகவில்லை. அந்த வாடையில்தான் ஜம்புலிங்கம் வந்தார்.

திருத்துறைப்பூண்டியில் நான் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்தபோது அவர் அங்கே டிரில் மாஸ்டர். இருவருக்கும் ஒரே அறை. என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டதே கிடையாது. 'கணக்கு' என்பார். சாப்பிடும் இட்லியைக்கூட எண்ணுகிறவன் என்று பள்ளி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பொய் என்று சொல்ல மாட்டேன்.

அவர் மனைவி கமலம் தலைப்பிரசவத்துக்கு வேதாரண்யத்துப் பக்கம் தாய்வீடு போயிருந்தாள்; அதனால்தான் அவருக்கு இந்த அறைவாசம். சனிக்கிழமை அரைநாள் பள்ளி முடிந்ததும் இவர் சைக்கிளில் கிளம்பிவிடுவார். அது ரேஸ் சைக்கிள். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய கமலத்தின் மாமா கப்பலில் கொண்டுவந்து கல்யாணத்துக்குக் கொடுத்தது. மடித்துக் கட்டிய வேட்டியோடு அதில் குனிந்து ஓட்டினால் எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள். நாற்றங்காலிலிருந்து பெண்கள் கத்துவார்களாம்: "என்ன சார், கீழ எதையாச்சும் தொலைச்சுட்டீங்களா?"

வெயில், மழை எதையும் தாங்குவார் ஜம்புலிங்கம். கேலியைத் தாங்கமாட்டார். தண்டை முடிந்தமட்டும் மேலே உருவி இறுக்கிக்கொண்டு, ஊரார் மாதிரி நிமிர்ந்து ஓட்ட ஆரம்பித்தார். அந்தக் கோட்டை நாங்கள் பார்க்கத்தான் செய்தோம். "அழகுக்குப் போட்டிருக்கான்" என்றார்.

சில வாரங்களில் முன்பக்கம் ஆட ஆரம்பித்தது.

இந்த இடத்தில் எங்கள் ஊர் சைக்கிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதில் ஹேண்டில்பாரும் தண்டும் ஒன்றாகப் பற்றவைத்தவை. விதைநெல் மூட்டையைத் தொங்கவிட்டாலும் அசையாது. ஆகவே முன்பக்கம் ஆடினால் எங்களுக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்று, பால்ரஸ், கழுத்துக்குள் உருளும் இரும்புக் குண்டுகள். சைக்கிள் கடை வைத்திருந்த யூசுப் பாய் கழுத்தைக் கழற்றி, குண்டுகளை மாற்றி, கிரீஸ் வைத்து இறுக்கினார். ஆட்டம் நிற்கவில்லை. இன்னும் இறுக்கினார். திருப்புவதே கடினமானது. அந்தக் கடினத்தை நாங்கள் உறுதி என்று எடுத்துக்கொண்டோம். நானும் கூடவே நின்று, ஆட்டத்தை எண்ணி, எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் சரி. பால்ரஸ் என்று நம்பியதுதான் தப்பு.

அந்தச் சனிக்கிழமை பள்ளி மைதானத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து நின்றார்.

"இன்னும் ஆடுதுய்யா கணக்கு."

"அப்ப பஸ்ஸுல போங்க."

"மத்தியான பஸ் போயிடுச்சு. அடுத்ததுல போனா அவ தூங்கிடுவா. மாசமா இருக்கறவள எழுப்பச் சொல்றியா?" ஹேண்டில்பாரை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். சிரிக்கவில்லை. "மெதுவாப் போறேன். வந்து பாத்துக்கலாம்."

வழியில் ஒரு வாய்க்கால் பாலம். ஏற்றத்தில் எழுந்து நின்று இழுத்திருக்கிறார். ஃபோர்க் குழாய் மேலே மரை வெட்டிய இடத்தில் முறிந்து, மதகுச் சுவரில் தலை மோதியது. நடவு வயலிலிருந்து ஓடிவந்தவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார்: "ஹேண்டில்பாரப் புடிச்ச கைய விடவே இல்லைங்க. நாங்கதான் விரல் விரலாப் பிரிச்சோம்." வண்டி பிடிப்பதற்குள் போய்விட்டார்.

முறிந்த குழாயை யூசுப் பாய் என்னிடம் காட்டினார். விளிம்பில் முக்கால் பங்கு பழைய துரு. கால் பங்குதான் புதிதாகப் பளபளத்தது. வாரக்கணக்கில் நாங்கள் குண்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தபோது, அதற்குச் சற்று மேலே, தூக்கி வைத்த தண்டின் நுனி நெம்ப நெம்ப, குழாயில் விரிசல் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது.  பாய் கடையை அன்று பகலிலேயே அடைத்துவிட்டார்.

காரியத்துக்குப் போயிருந்தேன். கிளம்பும்போது கமலம் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள். நிறைமாதம்.

"சைக்கிள் ஆடுதுன்னு அவருக்குத் தெரியுமா சார்?"

"தெரியும்மா. ரிப்பேர் பண்ணிட்டோம். சரியாயிடுச்சுன்னு நெனச்சுத்தான் கெளம்புனார்."

"அப்ப வழியெல்லாம் பயமில்லாமத்தான் வந்திருக்காரு."

"ஆமாம்மா."

அவள் தலையாட்டினாள். சாப்பிட்டீங்களா என்று கேட்டாள்.

பாலம் இப்போது நான்குவழிச் சாலைக்கு அடியில் எங்கேயோ இருக்கிறது. யூசுப் பாய் போய்ச் சேர்ந்துவிட்டார். கமலம் போனதை வெகுநாள் கழித்துத்தான் கேள்விப்பட்டேன். அப்பாவைப் பார்க்காமலே பிறந்த அவள் பெண் எந்த ஊரில் இருக்கிறாளோ, தெரியவில்லை. கமலத்தின் தாய்வீட்டைப் புயல் தரையோடு எடுத்துவிட்டது. ஜம்புலிங்கம் அன்றைக்கு வழியெல்லாம் பயந்துகொண்டேதான் போயிருப்பார். அதைச் சொல்வதற்கும் இன்று ஆளில்லை, மறைப்பதற்கும் ஆளில்லை.