தேடிக் கிடைக்காத வரி

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் 'வாட்ச்மேன் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். நிஜ வாட்ச்மேன் கேட்டில் உட்கார்ந்திருந்தார். இவள் அடித்தளத்தில், துவைத்த விரிப்புகள் அடுக்கும் அறைக்குப் பக்கத்தில், கம்ப்யூட்டர்களுக்குக் காவல் நிற்கும் ஃபயர்வாலைக் காத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்களுக்குள் வெளியிலிருந்து யார் நுழைந்தாலும், உள்ளேயிருந்து எது போனாலும் அது ஒரு வரி எழுதிவைக்கும். நாளொன்றுக்கு லட்சக்கணக்கான வரிகள். ஒன்றைத் தேடுவதற்குள் கண் பூத்துப்போகும்.

தேடித் தர ஒரு மென்பொருள் வாங்க மேலிடம் ஒருவழியாகச் சம்மதித்தது. இரண்டை ஓட்டிப் பார்த்தாள். முதலாவதில் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும்தான். ஆனால் வருஷக்கணக்கில் ஒரு வரியைக்கூட விடாது, கேட்டதும் எடுத்துத் தரும். இரண்டாவதில் உலகப் படம், அதில் மினுங்கும் சிவப்புப் புள்ளிகள். ஒரு வாரம் போனதும் அது வரிகளைத் தூக்கியெறிந்துவிட்டு, எத்தனை பேர் வந்துபோனார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொள்ளும்.

"என்னம்மா இது, இழவு வீடு மாதிரி இருட்டா இருக்கு?" என்றார் மேனேஜர், முதலாவதைப் பார்த்து. "டைரக்டருக்குக் காட்ட வேணாமா?"

"நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா பழைய வரி வேணும் சார்."

"நாளைக்கு என்ன ஆயிடப் போகுது?"

இரண்டு கூட்டங்களில் மல்லுக்கட்டினாள். அடுத்த கூட்டத்தன்று மகளுக்குக் காய்ச்சல். வீட்டுக்கு ஓடினால் போதும் என்றிருந்தது. "சரி சார், உங்க இஷ்டம்" என்று சிவப்புப் புள்ளிக்கே பரிந்துரை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

சில மாதங்களில் நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் வெளியே கசிந்தன. விஷயம் தெரியவே பல வாரம் ஆகிவிட்டது. ரிப்போர்ட் கவுன்ட்டர் பெண்ணின் பாஸ்வேர்டைப் போட்டுத்தான் எடுத்திருந்தார்கள். இவளோடு தினமும் சேர்ந்து சாப்பிடுகிறவள் அவள்.

"நான் தொடவே இல்லக்கா. நீங்க தேடுனா தெரிஞ்சிடும்ல?" என்றாள். கண்கூடக் கலங்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

யாரோ வெளியிலிருந்து நுழைந்தார்கள் என்று காட்ட ஒரே ஒரு வரி போதும். தேடினாள். அந்த நாளுக்கு ஒரு பெரிய எண்தான் வந்தது. ஃபயர்வாலுக்குள்ளேயே பார்த்தாள், இடம் போதாமல் பழைய வரிகள்மேல் புதிய வரிகள் எப்போதோ ஏறி, பழையவை அழிந்துவிட்டிருந்தன. விற்ற கம்பெனிக்குப் போன் போட்டாள். "மொத்தக் கணக்குதான் மேடம் இருக்கும்" என்றான் அங்கே ஒருவன்.

விசாரணையில் டைரக்டர் கேட்டார்: "வெளியாள்னு காட்ட முடியுமா?"

"முடியல சார். அவதான்னும் இதை வச்சு சொல்ல முடியாது."

"இதையே வாங்கச் சொன்னது நீங்கதானே? கையெழுத்து இருக்கே."

மேனேஜரைப் பார்த்தாள். அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

கவுன்ட்டர் பெண்ணை வேலையை விட்டு அனுப்பினார்கள். இவள் மனசு கேட்காமல் அவள் வீட்டுக்குப் போனாள். அந்தப் பெண் வாசலிலேயே நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"கிடைச்சுதாக்கா?"

"இல்லம்மா. அழிஞ்சிடுச்சு."

"யாரு அழிச்சது?"

"அதுவே அழிச்சிடும். அது அப்படித்தான்."

"அப்புறம் ஏன்க்கா அதை வாங்குனீங்க?"

மகளுக்குக் காய்ச்சல் என்று எப்படிச் சொல்வது? அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தப் பெண்ணை அதற்குப் பிறகு எந்த ஆஸ்பத்திரியிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஏதோ துணிக்கடையில் நாளெல்லாம் நிற்கிறாள் என்று கேள்வி. எந்தக் கடை என்று இவள் விசாரிக்கவில்லை.