ஊதினால் தெரியும் எழுத்து

சித்தப்பா குடவாசலில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். கடையில் இடம் போதாமல், ஏலத்தில் எடுத்த பழைய சர்க்யூட் போர்டுகள் ஒரு மரப்பெட்டி நிறைய எங்கள் வீட்டு நெல் அறைக்கு வந்து சேர்ந்தன. அதில் ஒரு சிப்தான் அவருடைய செல்லம். வெள்ளைப் பீங்கான் உடம்பு, தங்க முலாம் மூடி, இரண்டு பக்கமும் பூரான் மாதிரி கால்கள். ராணுவத்துக்கென்றே செய்த பிராசசராம், கம்ப்யூட்டரின் மூளை. "வெயில்ல வறுத்தாலும் பனியில புதைச்சாலும் தாங்கும்ணே" என்பார். ஆனால் அது என்ன வகை என்று அவருக்கே தெரியாது. இணையத்தில் இதற்கென்றே கூடிப் பேசுகிறவர்களுக்குப் படம் அனுப்பினார். மூடியில் மங்கலாக இருக்கும் கீழ்வரியைப் படித்துச் சொல்லச் சொல்லிப் பதில் வந்தது.

அப்பாவின் கவலை வேறு. "ராணுவமே வேண்டாம்னு தூக்கிப் போட்டதுக்கு நம்ம வீட்டுல என்னடா வேலை? பொங்கல் கழிஞ்சா நெல்லு மூட்டை வந்துடும். அதுக்குள்ள பேராவது கண்டுபிடி. இல்லேன்னா பெட்டியோட பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டுடு."

சித்தி அந்த ஐப்பசியில்தான் கல்யாணமாகி வந்திருந்தாள். சித்தப்பா அவளிடம் பேசியதைவிடப் பெட்டியிடம் பேசியதே அதிகம் என்று அம்மா சொல்வாள். பொங்கலுக்குக் குத்துவிளக்கு தேய்க்க உட்கார்ந்த சித்தி, புருஷனின் செல்லம் மங்கிக் கிடக்கிறதே என்று அதையும் புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டாள். மூடி பளபளத்தது. எழுத்து போயே போய்விட்டது.

"எல்லாத்தையும் தாங்கும்னியேடா, புளியைத் தாங்கலியே!" என்றார் அப்பா. இரும்புக்காரருக்கு ஆளும் அனுப்பிவிட்டார்.

"என்னால உங்க பெட்டி போச்சுங்க" என்று சித்தி அழுதாள். சித்தப்பா சிப்பை சன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்து, மூக்குக்கண்ணாடி துடைக்க ஊதுவதுபோல 'ஹா' என்று ஊதினார். மூடியில் ஆவி படிந்தது. மை இருந்த இடம் மட்டும் தனியாகத் தெரிந்து, படிப்பதற்குள் மறைந்தது.

"இங்க வா. நீ ஊது, நான் பாக்குறேன்."

சித்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஊதினாள்.

"இது மூணா, எட்டா?"

"எட்டுங்க."

"அவ்வளவு உறுதியா சொல்ற?"

"தேய்ச்சவளுக்குத் தெரியாதா?"

சித்தப்பா சிரித்துவிட்டார்.

இரும்புக்காரர் வண்டி வாசலில் வந்து நின்றது. என்ன ஆயிற்று என்று பார்த்துவர அப்பா என்னை அனுப்பினார். நெல் அறையில் இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டிருந்தன. நானும் ஊதுகிறேன் என்றேன். "அதெல்லாம் படிச்சு போன்ல அனுப்பியாச்சு. அப்பாகிட்ட போய்ச் சொல்லு, ஓடு" என்று சித்தப்பா விரட்டினார். நிலைப்படி தாண்டுவதற்குள் பின்னால் மறுபடியும் 'ஹா'. சித்தியின் சிரிப்பு.

"அனுப்பிட்டாங்களாம்ப்பா. ஆனா இன்னும் ஊதிக்கிட்டே இருக்காங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தாள். "பெட்டி இருக்கட்டும், நீங்க டீ குடிச்சிட்டுப் போங்க" என்று அப்பா இரும்புக்காரரிடம் சொல்லிவிட்டார். பேர் தெரிந்ததா என்றுகூடக் கேட்கவில்லை.

பொங்கலன்று பதில் வந்தது. ஏதோ போர் விமானத்துக்காகச் செய்ததாம். சித்தப்பா படித்துக் காட்டிய நீளமான பேர் யார் வாயிலும் நுழையவில்லை. எனக்கு அப்போது ஒரே வருத்தம்தான். அனுப்பி முடித்த எழுத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறதே, பாவம், சித்தப்பாவும் சித்தியும் படிப்பில் என்னைவிட மட்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.