தறி நின்ற மத்தியானம்

எங்கள் வீட்டில் சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும். ஆரணியில் கீழே விசைத்தறி, மேலே குடித்தனம் என்று இருப்பவர்களுக்கு இது புரியும். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது தறிகள் கடகடவென்று ஓடும்வரை நிம்மதியாகத் தூங்குவாள். நின்றதும் வீறிட்டு எழுவாள். சத்தம் நின்றால் ஒன்று இழை அறுந்திருக்கும், இல்லை கரண்ட் போயிருக்கும். என் கணவர் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார்.

அந்த மகளுக்கு வளர்ந்ததும் ஜப்பான் கார்ட்டூன் படங்களின் மேல் பைத்தியம். எனக்கும் தொற்றிக்கொண்டது. ஒரு படத்தில் ஒரு பெண் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். பேச்சில்லை, பாட்டில்லை. ஜன்னல் திரை அசைகிறது, அவ்வளவுதான்.

கணவர் பதறிப்போய் ரிமோட்டைத் தேடினார். “இன்னா, ஸ்டக் ஆயிடுச்சா?”

“இல்லப்பா. அவங்க சும்மா உக்காந்துகினு இருக்காங்க,” என்றாள் மகள்.

“சும்மா உக்கார்றதுக்கு ஒரு படமா?”

நான் வாதாடவில்லை. படத்தின் கதை எனக்கு மறந்துவிட்டது. அந்தப் பெண் உட்கார்ந்திருந்தது மட்டும் மறக்கவில்லை. சும்மா உட்கார்வதற்கும் ஒரு படம் வேண்டும் என்பதற்கு அதுவே எனக்குப் போதுமான சாட்சி.

மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. அந்த வாரம் முழுக்கக் கணவர் புத்திமதியாகப் பொழிந்தார். ஹாஸ்டல், பஸ், பர்ஸ் பத்திரம். எனக்கு வேண்டியது வேறு. அவள் போவதற்குள் மூன்று பேரும் ஒருமுறை சும்மா உட்கார வேண்டும். கேட்டேவிட்டேன். “தறி ஓடிகினு இருக்கச்சொல்ல சும்மா உக்கார்றதா?” என்று கணவர் சிரித்தார்.

கிளம்பும் நாள் மத்தியானம் பெட்டி வாசலில் தயாராக இருந்தது. காபி குடித்துக்கொண்டிருந்தோம். கரண்ட் போனது. தறிகள் நின்றன.

கணவர் பாதி எழுந்தார். மகள் அவரைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்தார்.

தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மகள் காபியை ஊதி ஊதிக் குடித்தாள். சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான் குடிப்பாள், ஆனால் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் விளக்கு எரிந்தது. கீழேயிருந்து தறி ஓட்டுபவர் குரல் கொடுத்தார். “அண்ணா, கரண்ட் வந்துடுச்சு. ஓட்டலாமா?”

கணவர் எழுந்திருக்கவில்லை. டம்ளரைப் பார்த்தபடியே சொன்னார்:

“இருப்பா. ஸ்டக் ஆயிடுச்சுன்னு வச்சுக்கோ. பொண்ணு பஸ் ஏறட்டும்.”