ரூபன் தேனீக்களிடம் சொன்ன பொய்

ரூபன் ப்ராஸர் மனிதர்களிடம் ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். அதில் பாதி "ம்". ஆனால் சாயங்காலம் தன் தோட்டத்துத் தேனீப் பெட்டிகளின் முன்னால் போய் நின்றால் வாய் ஓயாது. இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு முள்செடி வேலிதான். அதற்கு இந்தப் பக்கம் என் துணிக்கொடி. காதைப் பொத்திக்கொண்டு யாராவது துணி காயப்போட முடியுமா?

எங்கள் ஹாப்வெல் கிராமத்தில் தேனீ வளர்க்கிற எல்லோரும் செய்வதுதான் இது. வீட்டில் பிறப்பு, கல்யாணம், சாவு எது நடந்தாலும் வாசல் சாவியால் பெட்டியை மூன்று முறை தட்டி, தேனீக்களிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவை கோபித்துக்கொண்டு பறந்துவிடும், இல்லையென்றால் செத்துப்போகும். ரூபன் இதில் மற்றவர்களைவிட ஒரு படி மேலே. ஊரில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் தன் தேனீக்களுக்குச் சொல்லிவிடுவான். பழைய ராஜா இறந்தபோது ஒன்பது பெட்டிக்கும் கறுப்பு நாடா கட்டினான். மறு வருஷம் ராணிக்கு முடிசூட்டிய அன்று, ஒவ்வொரு பெட்டியின் முன்னாலும் ஒரு துண்டு கேக் வைத்தான். சர்க்கரை இன்னும் ரேஷனில் இருக்கும்போது தேனீக்கு எதற்குக் கேக் என்று நான் சண்டைக்குப் போனேன். "ம்" என்றான்.

கேலி செய்கிறேனே தவிர, காரணம் எனக்குத் தெரியும். அவனுக்குப் பத்தொன்பது வயதில் அவன் அம்மா இறந்தாள். அப்போது அவன் லெட்பரியில் ஒரு பண்ணையில் வேலைக்கு இருந்தான். அடக்கத்துக்கு ஓடி வந்தவன் அழுத அழுகையில் பெட்டிகளைத் தட்ட மறந்துவிட்டான். அடுத்த வசந்தத்தில் ஐந்து பெட்டியும் காலி. அம்மாவும் இல்லாமல் அம்மாவின் தேனீக்களும் இல்லாமல் அவன் அந்தத் தோட்டத்தில் தனியாக நின்றதை வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தவள் நான். பிறகு எங்கிருந்தோ ஒரு தேனீக் கூட்டத்தைப் பிடித்துவந்து மறுபடி ஆரம்பித்தான். சாலையோரத்து வேலிகளை வெட்டிச் சீராக்குகிற வேலையும் கிடைத்தது. அதன்பின் முப்பது வருஷத்துக்கு மேல் அவற்றிடம் அவன் எதையும் மறைத்ததில்லை. பொய் சொன்னதும் இல்லை, ஒரே ஒரு முறை தவிர.

அந்தப் பொய்க்குக் காரணம் எங்கள் வட்டாரத்து நர்ஸ் ஐவி மெரிடித். அவர் எங்கள் ஊருக்கு வந்து அப்போது பதினோரு வருஷம் ஆகியிருந்தது. பிரசவம் பார்த்துவிட்டு சைக்கிளில் திரும்பும்போது ரூபனின் கேட்டருகே ஒரு காலை ஊன்றி நிற்பார். கொல்லன் வீட்டில் பெண், ஏழு பவுண்டு. மேட்டுப் பண்ணையில் ஆண், அப்பனுடைய காது. இப்படி ஒரு வரிச் செய்தி. ரூபன் தொப்பியைக் கழற்றிக் கேட்டுக்கொள்வான், சாவியை எடுத்துக்கொண்டு நேரே பெட்டிகளிடம் போவான். அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் அடுத்தவர்களின் குழந்தைகளைப் பற்றித்தான். ஆனால் கேட் கம்பத்தின் மேல் நர்ஸுக்கென்று ஒரு தேன் பாட்டில் எப்போதும் இருக்கும். கொட்டுகிற மழையிலும் நர்ஸ் அங்கே நிற்காமல் போனதில்லை. ஊருக்கே புரிந்த சங்கதி அந்த இரண்டு பேருக்கு மட்டும் புரியவில்லை. ஒரு தடவை நானே பொறுக்கமாட்டாமல், கேட்டுத் தொலையேன் என்று ரூபனிடம் சொன்னேன். காதுவரை சிவந்து, வேலி வெட்டப் போய்விட்டான்.

முடிசூட்டு விழா முடிந்த இரண்டாவது வாரம், நர்ஸ் ஹெர்ஃபோர்ட் நகரத்து ஆஸ்பத்திரிக்கு மாறிப் போகிறார் என்ற செய்தி வந்தது. திங்கட்கிழமை பஸ்ஸுக்குக் கிளம்புகிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் மூன்று தட்டு கேட்டது. பிறகு ரூபனின் குரல்.

"நர்ஸம்மா போகல. என்னக் கட்டிக்க சம்மதிச்சுட்டாங்க."

கையிலிருந்த படுக்கை விரிப்பு மண்ணில் விழுந்தது. பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் நர்ஸைக் கடையில் பார்த்திருந்தேன். டிரங்குப் பெட்டியைக் கட்டக் கயிறு வாங்கிக்கொண்டிருந்தார், முகம் வாடியிருந்தது. அப்படியானால் ரூபன் சொன்னது பச்சைப் பொய். என் வாயைப் பற்றி ஊரில் நல்ல பேச்சு கிடையாது. ஆனால் அன்று நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை, என் கணவர் வால்டரிடம்கூட. என் வாழ்நாளில் நான் செய்த பெரிய சாதனை அதுதான்.

மறுநாள் மத்தியானம் பெரிய பெட்டியிலிருந்து தேனீக்கள் புகை மாதிரி கிளம்பி வானத்தில் ஏறின. ரூபன் வெளுத்த முகத்தோடு ஓடி வந்தான். நான் கழுவி வேலிமேல் கவிழ்த்திருந்த பித்தளை ஜாம் பாத்திரத்தைப் பிடுங்கி, வாசல் சாவியால் டங் டங்கென்று அடித்துக்கொண்டே கூட்டத்தின் பின்னால் ஓடினான். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். அடித்துக்கொண்டே துரத்தினால் அந்தக் கூட்டம் உன்னுடையது, யார் நிலத்திலும் நுழையலாம். அடிப்பதை நிறுத்தினால் உரிமை போயிற்று. என் பாத்திரம் போகிறதே என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

என் பட்டாணிப் பாத்தி துவம்சமானது. பிறகு சர்ச் கல்லறைத் தோட்டம். பிறகு மதுக்கடையின் கொல்லைப்புறம். அங்கே ஆப்பிள் சைடர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் குவளையோடு எழுந்து வந்தார்கள். ஜூன் மாதத்தில் தேனீக்கள் கூட்டமாகப் பிரிந்து போவது இயற்கைதான் என்று பள்ளிக்கூட வாத்தியார் விளக்கிக்கொண்டே வந்தார். அவர் வெளியூர்க்காரர், அதனால் யாரும் காதில் வாங்கவில்லை.

கூட்டம் போய் இறங்கிய இடத்தைப் பார்த்ததும் எல்லோரும் அப்படியே நின்றுவிட்டோம். நர்ஸ் வீட்டு வேலியில் சாய்த்து வைத்திருந்த அவருடைய சைக்கிளின் ஹேண்டில்பாரில் பழுப்புத் திராட்சைக் குலை மாதிரி தொங்கியது. பக்கத்தில் கட்டி முடித்த டிரங்குப் பெட்டி. நர்ஸ் வாசற்படியில் நின்றார்.

"அதுங்ககிட்ட எதையோ மறைச்சுட்டியாடா?" என்று கேட்டார் கொல்லன் கிரிஃபித்ஸ். "இல்லாட்டி ஏன் வெளியேறுது?"

"மறைக்கல," என்றான் ரூபன். "பொய் சொல்லிட்டேன்."

ரூபன் தேனீக்களிடம் பொய் சொன்னான் என்பதும் பாதிரியார் சர்ச்சில் திருடினார் என்பதும் எங்களுக்கு ஒன்றுதான்.

"என்ன பொய், ப்ராஸர்?" என்றார் நர்ஸ்.

ரூபன் பாத்திரத்தை அடிப்பதை நிறுத்தினான். "நீங்க போகலைன்னு சொன்னேன், நர்ஸம்மா. என்னக் கட்டிக்கிறதா சொன்னேன். ஒவ்வொரு குழந்தை பொறக்கறப்பவும் உங்க சேதிக்குத்தான் அதுங்க காத்திருக்கும். நீங்க போறீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

அவனுடைய ஒரு நாள் வார்த்தைக் கணக்கு அதோடு முடிந்துவிட்டது. நர்ஸ் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது, கோபமும் இருந்தது.

"பதினோரு வருஷமா அந்தக் கேட்டுல நின்னேன். இருங்கன்னு ஒரு வார்த்தை உங்க வாயில வரல. இனி இந்த ஊர்ல எனக்கென்னன்னுதான் அந்த வேலைக்கே எழுதிப் போட்டேன்."

"ம்," என்றான் ரூபன்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "இப்பவாச்சும் அந்த 'ம்'மை விட்டுத் தொலை, ரூபன். அவங்ககிட்ட பேசு."

அவன் தொப்பியைக் கழற்றினான். குழந்தைச் செய்தி கேட்கும்போது கழற்றுவானே, அதே மாதிரி.

"இருங்க, ஐவி," என்றான்.

நர்ஸ் பெட்டியிலிருந்து எழுந்தார். வைக்கோல் கூடை கொண்டுவாருங்கள், சாயங்காலத்துக்குள் என் சைக்கிள் வேண்டும் என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டார். ரூபன் ஹேண்டில்பாரை ஒரு உலுக்கு உலுக்கிக் கூட்டத்தைக் கூடையில் விழவைத்து, கவிழ்த்து வைத்து, பொழுது சாயும்வரை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வெயில் இறங்கியதும் அவன் கூடையைத் துணியில் கட்டித் தூக்கினான். அப்போது நர்ஸ் வெளியே வந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவனோடு நடந்தார். ஊர் முழுவதும் பின்னால் போய், ரூபனின் கேட்டில் மரியாதையாக நின்றுகொண்டது. எனக்கு என் வேலி இருந்தது.

தேனீக்களைப் பெட்டியில் இறக்கி மூடியானதும் நர்ஸ் கையை நீட்டினார்.

"சாவியக் குடுங்க. இனிமே நீங்க சொன்னா அதுங்க நம்பாது."

மூன்று முறை தட்டினார். குனிந்து, பிரசவ வீட்டில் பேசுவாரே, அந்தக் குரலில் சொன்னார். "நான்தான் ஐவி. இவர் சொன்னது பொய் இல்ல. ஒரு நாள் முந்திச் சொல்லிட்டார், அவ்வளவுதான்."

நான் இந்தப் பக்கம் தலையணை உறையில் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். சந்தோஷ அழுகைதான்.

ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று நர்ஸ் திங்கட்கிழமையே கடிதம் போட்டார். செப்டம்பரில் கல்யாணம். ஒன்பது பெட்டிக்கும் வெள்ளை நாடாவும் கேக்கும் கிடைத்தன, சர்க்கரையைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. என் ஜாம் பாத்திரம் மூன்று பள்ளத்தோடு திரும்பி வந்தது. இப்போதெல்லாம் ஊரில் குழந்தை பிறந்தால் ஐவி கேட்டில் நிற்பதில்லை. நேரே தோட்டத்துக்குப் போய்த் தானே தட்டிச் சொல்கிறார். ரூபன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் நின்று, "ம்" என்கிறான்.